கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று

அழகரத்தினம் மூன்று விசைகளையும் ஒன்றாக அமுக்கினான். மேசைத் திரை இருட்டாகவே இருந்தது. இன்னொரு முறை அமுக்கினான். அதே இருட்டு.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. தட்டினால் காட்சி கூடத்துத் திரைக்குப் போகும். மறுபடி தட்டினால் மேசைத் திரைக்குத் திரும்பும். அவன் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் மீன்பிடி வலை வழங்கிய படங்களை வருகிறவர்களுக்குக் காட்டத்தான் கூடத்தில் அந்தத் திரை. இன்றைக்கு உள்ளே போன எஃப் மூன்று மேலே வரவில்லை.

மேசையில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் கூடத்தில். எல்லாம் என்றால், அவனுடைய வேலை விண்ணப்பம்.

சமாதானப் பேச்சுவார்த்தைக் காலம். மட்டக்களப்பில் வீதிக்கு நாலு தொண்டு நிறுவனம் முளைத்திருந்தது. பாலத்துக்கு அப்பால் கல்லடியில் புதிதாகத் திறந்த ஒன்று இரட்டைச் சம்பளத்துக்கு ஆள் தேடியது. விண்ணப்பிக்க இன்று நாலு மணியோடு சரி. காலையிலிருந்து தட்டிய கடிதத்தை அவன் இன்னும் சேமிக்கவில்லை. கணினியை அணைத்தால் அது போய்விடும். அணைக்காமல் விட்டு, பணிப்பாளர் கதிர்காமத்தம்பி கண்டுவிட்டால், இருக்கிற வேலையும் போய்விடும்.

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தான். வலைக்குப் பெயர் பதிய வந்த பனிச்சங்கேணி மீனவர் பத்துப் பேர் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாமித்தம்பி அண்ணே, அதில என்ன எழுதிக் கிடக்கு?"

"பொறுடாப்பா. எழுத்து எறும்பு மாதிரி இரிக்கு."

அழகரத்தினத்துக்கு மூச்சு வந்தது. கடிதத்தைச் சுருக்கி மறைக்கும் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று நினைவிலேயே கணக்குப் போட்டு, மவுஸை நகர்த்தி அழுத்தினான்.

"ஆ, இப்ப நல்லாத் தெரியுது" என்றார் சாமித்தம்பி. அழுந்தியது வேறு பொத்தான்; எழுத்து நாலு மடங்கு பெருத்திருந்தது. அவர் உரக்க வாசித்தார். "எமது பணிப்பாளர் தினமும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை நித்திரை கொள்வார். இவருக்குக் கீழ் எவரும் முன்னேற முடியாது."

"அது வலை தாறதுக்கு நிபந்தனையோ?"

"இருக்கும். எதுக்கும் மனசில வெச்சிக்க."

அழகரத்தினம் கூடத்துக்கு ஓடினான். திரை இரும்புக் கூட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி பணிப்பாளரின் சட்டைப் பையில். பணிப்பாளர் தன் அறை மேசையில் தலை வைத்து நித்திரையில். மணி ஒன்றரை.

ஒரே வழிதான். மெயின் சுவிட்சை இறக்கினான்.

விசிறிகள் நின்றன. விளக்குகள் அணைந்தன. கூடத்துத் திரை மட்டும் பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் போனாலும் படங்கள் நிற்கக் கூடாதென்று, போன மாதம் அதையும் கணினியின் யூபிஎஸ்ஸோடு இணைத்தவன் அவனேதான். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தான்.

புழுக்கம் தாங்காமல் பணிப்பாளர் எழும்பி வந்தார். கழுத்தைத் துடைத்தபடி திரையைப் பார்த்தார். முழுவதும் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"அழகரத்தினம்."

"சேர்."

"இது பிழை."

"தெரியும் சேர். புத்திகெட்டுப் போய்..."

"ரெண்டு மணியில்ல, ரெண்டரை. விண்ணப்பத்தில பொய் எழுதப்படாது."

வாங்கிலிருந்த பத்துப் பேரும் அதை ஆமோதித்தார்கள்.

அழகரத்தினம் மெயின் சுவிட்சை ஏற்றினான். பணிப்பாளர் ஒரு குண்டூசியால் எஃப் மூன்றைக் கிளப்பினார். காட்சி மேசைக்கு வந்தது. இரண்டை இரண்டரை ஆக்கினார். 'கடும் உழைப்பாளி' என்று தாமாகவே ஒரு வரி சேர்த்தார். அச்செடுத்து, சிபாரிசும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"வெள்ளென வெளிக்கிடும். பாலத்தடியில சோதனைக்கு மறிப்பானுகள்."

அழகரத்தினம் கல்லடிக்குக் கிளம்பினான். இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் எழுதிவிட்டோம் என்று சைக்கிள் மிதித்த வழியெல்லாம் நொந்துகொண்டான்.

ஐந்து மணிக்கு அலுவலகத்துக்குத் திரும்பி, நேரே குசினிக்குப் போனான். தேத்தண்ணி போடும் கண்ணகை கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேலை சரி. சேர்ர கையெழுத்தக் கண்ட உடன ஒரு கேள்வி கேக்கல்ல. என்ன தங்கமான மனிசன்! ஆனாலும் அக்கா, இனி அந்த மனிசனுக்குக் கீழ ஒரு நாளும் வேலை செய்யத் தேவையில்ல."

கண்ணகை கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பிடியா தம்பி? முதலாந் தேதியிலிருந்து நீ போற கல்லடிக் கந்தோருக்குப் பெரியவரே நம்மட பணிப்பாளர் ஐயாதானே. அவர் நித்திரை கொள்ற சாய்மனைக் கதிரைய நேத்தே அங்க ஏத்திற்றாங்க."