பொன்முடி கேட் வரை ஆறு முறை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு மாதம் வேறு வேலையில்லாமல் இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். இன்றைக்கும் கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். (ஜன்னலோர சீட் கிடைத்தால் தூங்குவேன். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன்.)

என் பிழைப்பு அப்படி. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு பட்டனை ஒரு தடவை அமுக்கி அது வேலை செய்தால் நம்பக் கூடாது, மூன்று தடவை அமுக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் எழுதாத சட்டம். ஆபீஸ் வாசலிலேயே கழற்றிவைத்திருக்க வேண்டிய இந்தப் புத்தியை நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன்.

இது நடக்கும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வண்டி இரண்டு காரியத்துக்கு வேண்டியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கழக்கூட்டம் பைபாஸ் நெரிசல், லீவு நாளில் மலைப்பயணம். கம்பெனிப் பெயரெல்லாம் வேண்டாம், கறுப்பு, சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம். கறுப்பு முன்னூற்றைம்பது சிசி. தாழ்ந்த சீட், நிதானமான ஓட்டம், ஆனால் எருமை கனம். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைப் பிடித்தால் சாயங்காலம் இடது கையால் சாதம் பிசையக்கூட ஆகாது. (நான் இடது கைக்காரன்.) சிவப்பு நானூறு சிசி. திருகினால் பாயும், வளைவில் பயமில்லாமல் சாயும். நெரிசலில் மட்டும் இஞ்சின் சூடு முழங்காலைப் பொரித்து எடுத்துவிடும். சீட்டும் உயரம்.

நல்ல மனுஷன் என்றால் இரண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான். நான் கம்ப்யூட்டரில் முப்பத்துநாலு வரிக்கு அட்டவணை போட்டேன். மைலேஜ், பிரேக், மழையில் டயரின் பிடிப்பு, பழுது பார்க்கும் கடை எவ்வளவு தூரம், ஹாரனின் குரல் என்று முப்பத்துமூன்று வரி நிறைந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வண்டியும் சமம். மிச்சம் நின்றது 'பின்சீட் வசதி' என்ற ஒரே வரிதான்.

என் மனைவி மீனாவைக் கூப்பிட்டேன்.

"ஒங்க சோதனைக்கெல்லாம் நான் ஆளில்ல. மாமாதானே ஏழு மாசமா கேட்டுட்டு இருக்காவ? அவியளக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இந்த மலையாள ஊருக்கு வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் முப்பத்தெட்டு வருஷம் தோசைக்கல் முன்னால் நின்று ஓய்ந்தவர். ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாகப் பொன்முடி மலைக்குக் கிளம்பும் இளவட்டங்கள் விடிந்ததும் அங்கேதான் தோசை தின்ன வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே அப்பாவுக்கு வழியெல்லாம் மனப்பாடம். விதுரா தாண்டினால் கல்லாறு, அதற்கப்புறம் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, உச்சியில் போய் நின்றால் மேகம் சட்டைக்குள்ளேயே நுழைந்துவிடும் என்பார். போனதுதான் இல்லை. ஊருக்கெல்லாம் லீவு என்றால் ஓட்டலில் கூட்டம். அவருக்குக் கிடைத்த நாலு நாள் லீவும் சொந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விடும். பஸ் இருக்கிறதே என்றால் காதில் வாங்க மாட்டார்.

"பைக்லதாம்ல போணும். நீ வண்டி எடு, நான் பின்னால இருந்துக்கிடுதேன்" என்பார்.

என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான். வேறு ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை.

இதில் அவசரமும் இருந்தது. நின்று நின்று அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு காலைத் தூக்கிப் போட்டு பைக்கில் ஏறுவதெல்லாம் நடக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படித்தான் ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை கிளம்பினோம். கறுப்பு வாடகை வண்டி. சிவப்பு, கூட வேலை பார்க்கும் ஷாஜியுடையது. நான் ஒன்றை ஓட்ட, மற்றதை அவன் ஓட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு. அப்பா நாலு மணிக்கே எழுந்து குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, வாசலில் நின்றார். ஓட்டலில் எல்லோரிடமும் முந்தின நாளே சொல்லிவிட்டாராம். நான் அவர் கையில் ஒரு பரீட்சை அட்டையையும் பேனாவையும் கொடுத்தேன். அட்டையில் நான் அச்சடித்த தாள். இடுப்பு வலி, முட்டி வலி, குலுக்கல், காற்று என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவர் போட வேண்டும்.

"நாம பொன்முடிக்குத்தானல போறோம்?" என்றார்.

"ஆமாப்பா. போற வழியில இதையும் பாத்துக்கிடுவோம்."

விதுராவிலிருந்து கல்லாறு தாண்டி வனத்துறை கேட் வரைக்கும் நல்ல ஏற்றம், நல்ல வளைவு. சோதனைக்கு அந்தத் துண்டுதான் என்று முடிவு செய்திருந்தேன். கறுப்பில் மூன்று தடவை, சிவப்பில் மூன்று தடவை. ஒரே ரோடு, ஒரே ஓட்டுநர், பின்னால் ஒரே ஆள். (இதை நான் ஷாஜிக்கு விளக்கியபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

முதல் தடவை கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கேட் திறந்து கிடந்தது. காவலர், போங்கள் என்று கையைக் காட்டினார். அப்பா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"மேல போயிட்டு வந்துருவமால?"

"இருங்கப்பா. ஆறு ரவுண்டும் முடிச்சிட்டு நிம்மதியா மேல போவோம்."

வண்டியைத் திருப்பினேன். காவலர் கை காட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் ரவுண்டு முடித்து விதுரா சந்தைக்கு வந்து வண்டியை நிறுத்தும்போது, நான் கால் ஊன்றிய இடம் சேறு. கறுப்பு மெதுவாக, மிக மரியாதையாக, இடது பக்கம் சாய்ந்தது. எருமை படுக்க முடிவு செய்துவிட்டால் யாரால் நிறுத்த முடியும்? நான் வண்டிக்குக் கீழே. அப்பா பக்கத்தில் குவித்திருந்த மரச்சீனிக் கிழங்கு மேலே. நல்லவேளையாக அடி ஒன்றும் இல்லை. கிழங்குக் குவியலில் மல்லாந்தபடியே, கையில் அட்டையை விடாமல், அப்பா கேட்டார்.

"இதுக்கும் மார்க் போடணுமால?"

சந்தையே சிரித்தது. எங்களைத் தூக்கிவிட்ட பத்துப் பேரும் அப்படியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதற்காக இந்த அலைச்சல் என்று ஷாஜி சொல்லிவிட்டான். அவ்வளவுதான், கறுப்பா சிவப்பா என்று கடையில் இரண்டு கட்சி. மலைக்குக் கறுப்புதான் என்று ரப்பர் வெட்டும் ஒருவர் சத்தியம் செய்தார். சிவப்புக் கட்சிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார். எனக்கு ஒரே சந்தோஷம், உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். முக்கால் மணி நேரம் அங்கே போயிற்று. அப்பா பெஞ்சின் ஓரத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் அவருடைய தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் பத்து. முட்டி வலிக்கும் பத்து, குலுக்கலுக்கும் பத்து. இன்னும் ஏறியே பார்க்காத சிவப்புக்கும் முன்கூட்டியே பத்து போட்டு முடித்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இது? இப்படிப் போட்டா நான் எப்படி முடிவெடுக்கது?"

"எனக்கு என்னல வித்தியாசம் தெரியப் போகுது? எதுல இருந்தாலும் நான் பாக்கது ஒன் முதுகத்தான். அது நல்லாத்தான் இருக்கு."

இதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்க வேண்டியவன், வேறு தாள் எடுத்துக் கொடுத்து, சரியாகப் போடுங்கள் என்று சொன்னேன். அந்த முப்பத்திரண்டு வயதுக்காரன் இப்போது எதிரே வந்தால் பளாரென்று ஒன்று கொடுப்பேன்.

சிவப்பின் சீட் உயரம். அப்பாவால் ஏற முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷாஜி அவருடைய காலைக் கையில் ஏந்தி, "அச்சா, பதுக்கெ, பதுக்கெ" என்று மெல்ல மெல்லத் தூக்கிப் போட்டான். ஐந்தாம் தடவை கேட்டுக்குப் போனபோது மணி ஒன்று இருக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கேட் அப்போதும் திறந்துதான் இருந்தது. அப்பா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஷாஜிதான் பக்கத்தில் வந்தான்.

"எடா, மழ வருந்நுண்டு. நீ அச்சனெக் கொண்டு மேலெ போ. பாக்கி பின்னே நோக்காம்."

"பாக்கியை எதுக்குடா அப்புறம் பாக்கணும்? ஒரே ரவுண்டுதாண்டா" என்றேன்.

ஆறாம் தடவை போனபோது கேட் பூட்டியிருந்தது. மேலே பலத்த மழை, மூன்றாம் வளைவில் மரம் விழுந்துவிட்டது, இன்றைக்கு இனி யாரையும் விட முடியாது என்றார் காவலர். எங்களை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ராவிலெ தொட்டு நிங்ஙள் அஞ்சு வட்டம் வந்நல்லோ. அப்போ எந்தா கேறாத்தது?"

காலையிலிருந்து ஐந்து தடவை வந்தீர்களே, அப்போதே ஏன் ஏறவில்லை என்று ஒரு மனிதர் சாதாரணமாகக் கேட்கிறார். முப்பத்துநாலு வரி அட்டவணை இருக்கிறது என்றா சொல்வது? அந்த நேரம் பார்த்து மழை எங்கள் மேலும் கொட்டியது. அப்பாவின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பரீட்சை அட்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, கம்பி வழியாக மேலே போகும் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி விடு. அடுத்த வாரம் வருவோம்" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. அன்று ஒரு நாளில் மட்டும் அவரைப் பதினாறு தடவை வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தேன். அதற்கடுத்த வாரம் எனக்கு ஆபீஸ் வேலை. அதற்குள் சிவப்பில் புது மாடல் வரப்போகிறது என்று ஒரு பேச்சு. வரட்டும், அதையும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று இருந்தேன். தை மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

அந்த மூன்று மாதமும் அவர் சாயங்காலம் ஓட்டலுக்குப் போய் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். எம் மவன் என்னைய ஒரே நாள்ல ஆறு தடவ பொன்முடிக்குக் கூட்டிட்டுப் போனான் பாத்துக்கிடுங்க, மேல என்ன இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க என்று ஆரம்பிப்பாராம். துக்கத்துக்கு வந்த ஓட்டல்காரர்கள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். எனக்கு இரண்டுமே வரவில்லை, ஒரு வாரம் கழித்து பைபாஸில் ஓடும் பஸ்ஸில் வைத்துத்தான் அழுகை வந்தது.

அப்பாவுக்குப் பிறகு கதை மீனாவிடம் வந்தது. அவள் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், மரச்சீனிக் குவியலில் விழுவதை நடித்தே காட்டுவாள். எங்கள் வீட்டில் எந்தக் காரியம் இழுத்தாலும் "எத்தனாவது ரவுண்டு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டதற்கும், இன்னொன்று வந்தால் ரெண்டையும் ஒப்பிட்டுத் தாள் போட்டுவிடுவார் என்று மீனா காரணம் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நியாயமாக நான்தான் முதலில் சிரிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். சட்டை எடுத்துப் போட்டவர் குழித்துறைக்காரர், நம் தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் இரண்டாவது சட்டையைப் பிரிக்கப் போக, "இவருக்கு ஒண்ணு போதும், ரெண்டு காட்டினா கடையை அடைக்க முடியாது" என்றாள் மீனா. ஏன் என்று அவர் கேட்டார். மீனா முழுக் கதையையும் சொன்னாள். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி நின்று சிரித்தார்கள். கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"பொறவு அப்பாவ எப்பம் கொண்டு போனிய, அண்ணே?"

மீனா என்னைப் பார்த்தாள்.

"கொண்டு போகல" என்றேன்.

அவருடைய சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு மடித்துவைத்த சட்டையைப் பிரித்து, இன்னொரு தடவை மடித்தார்.