கயிறு படாமல் ஏறிய ஜீப்புக்கு ஒரு கண்கண்ட சாட்சி

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் அதைவிடக் கொஞ்சம் பயமும் நிறைந்த எலியேசர் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் செல்வமணி எழுதிக்கொள்வது. இங்கே நான், சாரம்மாள், ரீபா மூவரும் சுகம். தாம்பரத்தில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். உங்கள் ஜீப்பும் சுகம். அதன் இடதுபக்கக் கண்ணாடி மட்டும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தது. மற்ற விவரங்களைக் கீழே வரிசையாக எழுதுகிறேன், பதறாமல் வாசிக்கவும். பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசித்தால் இன்னும் விசேஷம்.

நீங்கள் ஊரை விட்டுப் போகும்போது எங்கள் காம்பவுண்டில் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்திவிட்டுப் போன ஜீப்பை, பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிற என் மகள், லீவு நாளெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்து ஓட வைத்தாள். ஓட வைத்த மறு மாதமே நீங்கள் திருச்செந்தூர்ப் பார்ட்டி ஒருவருக்கு அதை விலை பேசிவிட்டீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வண்டி உங்களுடையது. அதற்குப் பிறகுதான் ரீபா உங்களிடம் போனில், "மாமா, எங்க ஜீப் கிளப்புல ரெண்டு நாள் பாறையில ஓட்டப் போறாங்க. கடைசிப் பாறைவரைக்கும் நான் ஏத்திட்டா வண்டி எனக்கு. இல்லேன்னா சாவியை நானே குடுத்துருதேன்" என்றாள். நீங்களும், "சரி, ஆனா ரெண்டு நாளும் ஒருத்தனும் கயிறு கட்டி இழுக்கப்பிடாது. வீடியோவை நான் நம்ப மாட்டேன், வெட்டி ஒட்டிருவானுவ. உங்கப்பா கூட வரணும். கண்டதை அவர் கையால எழுதி அனுப்பணும்" என்று சொன்னீர்கள். இருபத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் டிக்கெட் விஷயத்தில் எப்படியோ சாட்சி விஷயத்திலும் அப்படியே இருப்பான் என்று நீங்கள் நினைத்ததை எண்ணி இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள்தான், அப்படியானால் நானும் அந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது உறைத்தது.

மச்சான், நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் எட்டிப் பிடித்தவன். ஓடுகிற வண்டியில் நின்றே ஆயுசைக் கழித்தேனே தவிர, ஸ்டியரிங்கைத் தொட்டவன் அல்ல. சைக்கிள் ஓட்டுவேன், அதுவும் எதிர்க்காற்று இல்லாவிட்டால். புறப்படும்போது உங்கள் தங்கை தூக்குவாளியைக் கையில் தந்து, "அவ ஓட்டுவா. நீங்க வாயையும் கையையும் வச்சுக்கிட்டு சும்மா இருங்க, அது போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் ஒருவருடைய சொந்தப் பாறைக்காடு. கிளப் தலைவர் மகேஸ்வரன், டயர் கடை வைத்திருப்பவர், அனுமதி வாங்கி வைத்திருந்தார். நம்மையும் சேர்த்துப் பதினான்கு வண்டிகள். மற்ற ஒவ்வொன்றும் உங்கள் ஜீப்புக்குப் பேரப்பிள்ளை மாதிரி புத்தம்புதுசு. சனிக்கிழமை காலையில் அவர் எல்லாரையும் கூட்டி வைத்து விதிமுறை சொன்னாராம். நான் அந்த நேரம் வண்டிக்குப் பின்னால் நின்று இட்லிப் பொடிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முதல் வண்டி பாறைக்கு முன்னால் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். டிரைவர் ஏறியாயிற்று, வழியும் சும்மா கிடக்கிறது, பிறகு எதற்கு வண்டி நிற்கிறது? கை தானாகப் பைக்குள் போயிற்று. விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினேன்.

அவ்வளவுதான், பதினான்கு வண்டியும் ஒரே சமயத்தில் எஞ்சினை அணைத்தன. டிரைவர்கள் குதித்து ஓடினார்கள். முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் சபீதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எங்கன? யாருக்கு அடி? எங்கன விழுந்தாவ?" என்று பாறை பாறையாக ஏறி இறங்கினாள். யாரோ பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று பேச்சு வந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை, நானும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு புதர் புதராகக் குத்திப் பத்து நிமிஷம் தேடினேன். கடைசியில் மகேஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, டபுள் விசில் நீங்களா ஊதுனிய?"

"ஆமா. வண்டி கெளம்பட்டும்னுதான்."

"இங்கன ரெண்டு விசில்னா ஆபத்து, எல்லாரும் எஞ்சினை அணைக்கணும். ஒரு விசில்னாத்தான் போலாம். காலையிலயே சொன்னேம்லா?"

"அது எப்பிடிவே? ஒண்ணுக்கு நின்னு ரெண்டுக்குப் போறதுதான ஒலக வழக்கம்?"

"அது ஒங்க பஸ்ஸு வழக்கம். அந்த விசிலை இப்பிடிக் குடுங்க. நாளைக்குச் சாயந்திரம் தாரேன்."

பணியில் இருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட என் விசிலைத் தொட்டதில்லை. கொடுத்துவிட்டேன். சபீதா பெட்டியை மூடிக்கொண்டே, "வந்ததுக்கு ஒங்களுக்காவது பிரஷர் பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்றாள். சிரிக்காத ஆள் இல்லை, என் மகளைத் தவிர. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கியதால் அதையும் சிரிப்பில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் மச்சான், அவர் கேட்டது கையில் இருந்த விசிலைத்தான். பனியனில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்த இன்னொரு விசிலை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று பகல் முழுக்க ஏறினோம், இறங்கினோம். வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் பழக்கதோஷத்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குவேன். ஜீப்பில் மேல்கம்பி ஏது? மேலே துணியையே ரீபா கழற்றி வைத்திருந்தாள். பார்ப்பவர்களுக்கு நான் வானத்தைப் பார்த்து இரு கையும் ஏந்தி ஜெபிக்கிற மாதிரி இருந்திருக்கும். ஜெபித்ததும் உண்மைதான். முன்பே சொன்ன கண்ணாடி போனது அப்படித்தான். பாறை உரசும் என்று தெரிந்து ரீபா, "எப்பா, அந்தக் கண்ணாடியை மடக்குங்க" என்றாள். என் இரண்டு கையும் அப்போது மேலே இருந்தன.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகாமல் பாறைக்காட்டில் நிற்கிறோமே என்று ஒரு உறுத்தல் இருந்தது, கழுதைமுதுகைக் கண்டதும் போய்விட்டது. கடைசிப் பாறைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம், வீட்டு மாடிப்படியைப் போல நெட்டுக்குத்தல், இடது பக்கம் சரிவு. எங்களுக்கு முன் ஐந்து வண்டிகள் ஏறப் பார்த்தன. மூன்றைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆறாவது நாம்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆள் வெளியே நின்று வழி காட்டலாம் என்பது விதி. நான் முன்னால் ஏறி நின்று கையைக் கையைக் காட்டினேன். ஜீப் மூக்கைத் தூக்கியதும் அவளுக்குப் பானெட்டும் ஆகாயமும்தான் தெரிந்திருக்கின்றன. "எப்பா, ஒங்க தொப்பிதான் தெரியுது. கை தெரியல. பின்னால போங்க, ஒங்க எடத்துல நில்லுங்க" என்று கத்தினாள். என் இடம்! போனேன். பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். மச்சான், அந்தத் தகட்டுச் சத்தம் கேட்டதும் எனக்கு முப்பது வயசு குறைந்துவிட்டது.

முக்கால்வாசி ஏறியிருப்போம். இடது பின்சக்கரத்தின் அடியில் இருந்த கல் பைய நகர்வதைக் கண்டேன். இன்னும் ஒரு முழம் முன்னால் போனால் கல் உருளும், வண்டி சரிவுப் பக்கம் சாயும், என் ஒரே பிள்ளை உள்ளே இருக்கிறாள். விதியும் ஞாபகம் இல்லை, மகேஸ்வரனும் ஞாபகம் இல்லை. பனியனில் இருந்ததைப் பிய்த்து வாயில் வைத்து ஒரே ஒரு விசில் ஊதினேன்.

அந்தக் காட்டு வழக்கப்படி அதற்கு 'போ' என்று அர்த்தம். மேலேயிருந்து மகேஸ்வரன், "போம்மா, போ! விசில் குடுத்தாச்சுல்லா, ஏறு!" என்று கத்துகிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போ போ என்று கையை ஆட்டுகிறார்கள். கீழே நின்ற அடுத்த வண்டிக்காரர் தனக்குத்தான் விசில் என்று பாறையில் டயரை ஏற்றியே விட்டார். ரீபா அசையவில்லை. விசில் கேட்டதும் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "எப்பா?" என்றாள்.

"கல்லு நழுவுதும்மா. வீலை ஒடிக்காம ரெண்டடி பின்னால வா. பைய வா... வா... வா... வா... ஹோல்டான்!"

நின்றாள். தலைக்கு மேலே கையைத் தூக்காமல் ஒரு மனுஷனால் இத்தனை நேரம் நிற்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "இப்ப ரைட்ல ஒடி, கல்லை விட்டு வெலகு" என்று சொல்லிவிட்டு, தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு விசில் கொடுத்தேன்.

இரண்டு விசில்! பாக்கிப் பதின்மூன்று வண்டியும் எஞ்சினை அணைத்துவிட்டன. அந்தக் காடே அடங்கிப்போய், ஒரே ஒரு எஞ்சின் சத்தம்தான் கேட்டது. அது உங்கள் ஜீப்பு, மச்சான். ரீபாவைவிட இரண்டு வயசு மூத்த அந்தக் கிழட்டு ஜீப்பு, கல்லைத் தாண்டி, முதுகைத் தாண்டி, உச்சியில் போய் நின்று ஒரு இருமல் இருமியது. இருபத்தொன்பது வருஷமும் எத்தனையோ டிரைவர்கள் என் விசிலுக்கு நின்றார்கள், அது அவர்கள் வேலை. ஒரு மலையே போ போ என்று கத்தும்போது என் விசிலுக்கு நின்றது என் பிள்ளை ஒருத்திதான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் மகேஸ்வரன் என்னிடம் கையை நீட்டினார். இரண்டாவது விசிலையும் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, முதல் விசிலையும் திருப்பித் தந்து, "ஒங்க வீட்டுச் சட்டம் தனிச் சட்டம், அண்ணாச்சி" என்றார். சற்று நேரத்தில் அவர் வண்டிக்கு டீசல் போதாது என்று பேச்சு வந்தது. நம் வண்டியின் பின்னால் கட்டியிருந்த கேனை அப்படியே அவிழ்த்து, "எடுத்துக்கிடும்வே, எங்க வண்டிக்கு என்னத்துக்கு?" என்று கொடுத்துவிட்டேன். ஜெயித்தவன் தாராளமாக இருக்க வேண்டும் அல்லவா. பிறகு சேரன்மகாதேவி வழியாக வீடு வந்து சேர்ந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆகவே, செல்வமணி ஆகிய நான் என் சுயநினைவோடு எழுதித் தரும் சாட்சி என்னவென்றால், அந்தப் பாறைக்காட்டில் ஜீப்பின்மீது ஒரு முழக் கயிறுகூடப் படவில்லை, கடைசிப் பாறைவரைக்கும் ரீபா ஏற்றினாள். திருச்செந்தூர்ப் பார்ட்டிக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடவும். நானோ, இனிமேல் அந்த வண்டியில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இடுப்பும் அதே முடிவில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டுக்குள் வருகிறதும் போகிறதும் யாவும் சமாதானமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்,
சா. செல்வமணி,
கண்டக்டர் (ஓய்வு).

பி.கு.: புதன்கிழமை காலை. கவரை ஒட்டுமுன் இதை ரீபாவிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எப்பா, சேரன்மகாதேவி எங்க?" என்றாள். "அது பாறை இல்லையேம்மா, தார்ரோடு" என்றேன். "டிக்கெட் எடுக்காம ஏறுனவன் இப்பிடிப் பேசுனா விட்டுருவியளா?" என்று கேட்டாள். விட்டிருக்க மாட்டேன். ஆகையால் எழுதுகிறேன். நாங்குநேரி வழியாக நான்குவழிச் சாலையில் நேரே வரலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான் வேலை பார்த்த பாபநாசம் லைனில் ஓடுகிற ஆட்களெல்லாம் பார்க்கட்டும் என்று சேரன்மகாதேவி வழியைப் பிடித்து நின்றவன் நான். சேரன்மகாதேவியைத் தாண்டி இரண்டாவது கிலோமீட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது. டீசல் முள் உங்கள் காலத்திலிருந்தே பாதியில் நிற்பது உங்களுக்குத் தெரியும், கேனைத் தானம் கொடுத்தது யார் என்பது மேலே இருக்கிறது. வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டிப் பெட்ரோல் பங்குவரை இழுத்தார். என்னிடம் வேலை பழகிய சொரிமுத்து, இப்போது அந்த லைனில் கண்டக்டர், பஸ்ஸில் எங்களைத் தாண்டிப் போகையில் படியில் தொங்கிக்கொண்டு எனக்கு டபுள் விசில் ஊதினான். ஆக, நீங்கள் சொன்ன இரண்டு நாளில் கயிறு பட்டது. வாக்குப்படி சாவியை ரீபா தன் கையாலேயே இந்தக் கவரில் போட்டிருக்கிறாள். போடும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கழுதைமுதுகில் வந்த பெருமைகூட இரண்டாவதாகிப் போய்விட்டது. அவளுக்குத் தெரியாமல் என் விசில் ஒன்றையும் கூடப் போட்டிருக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது, விளக்கம் ஒன்றும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை திருச்செந்தூர்ப் பார்ட்டி வண்டியை எடுக்க வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு ஊதினால் போதும், ரீபாவைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒன்றா, இரண்டா, வண்டி எங்களிடம் நிற்குமா, பார்ட்டியோடு போகுமா என்று அவளே கேட்டுக்கொள்வாள். எங்கள் வீட்டு வழக்கப்படி ஊதவும், கிளப் வழக்கப்படி அல்ல.