செனட்டர் வீட்டுச் சம்பந்தம்

அமெரிக்க அரசியலை நினைத்து அமெரிக்கர்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிற ஒரே மனிதர், பேர்லின் நொய்கெல்னில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். அமெரிக்காவுக்கு அவர் போனதே இல்லை. விமானத்தில் ஏறவே பயம் என்பார். ஆனால் அங்கே ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு மசோதா தோற்றுப்போனால், இங்கே இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

இத்தாலிய உணவகம் ஒன்றில் பீட்சா போடுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பெயர் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது. செனட்டர் என்றால் தபால்காரருக்கே தெரியும். நான் நாலாம் மாடி. திருநெல்வேலிக்காரி, மென்பொருள் வேலை, பொறுமை கம்மி. படிக்கட்டில் அவரிடம் மாட்டினால் அன்றைக்கு பஸ் போச்சு.

ஒரு பனிக்காலக் காலையில் பனி அள்ளுகிற சவளோடு வாசலில் மறித்தார்.

"தங்கச்சி, லிபரலுக்கும் கன்சர்வேட்டிவுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமோ?"

"தெரியாதுண்ணே. தெரியாமலே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிட்டேன்."

விடுவாரா? "இந்த ஸ்னோவைப் பாருங்கோ. எல்லாரும் வரி குடுப்பம், அரசாங்கம் ஆள் வைச்சு அள்ளட்டும், ஏலாத கிழவிக்கும் நடக்கப் பாதை வேணும் எண்டு சொன்னா, அவன் அங்கத்தைய லிபரல். என்ர வாசலை நானே அள்ளுவன், கிழவிக்கும் நானே போய் உதவுவன், இதுக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலை எண்டு கேட்டா, அவன் கன்சர்வேட்டிவ். இவ்வளவு நாளும் ஒழுங்கா நடந்ததை ஏன் குழப்புறியள் எண்டும் கேப்பான்."

"நீங்க எதுண்ணே?"

முகம் வாடிவிட்டது. "அதுதானே தங்கச்சி பிரச்சினை. ரெண்டும் சரி போலக் கிடக்கு. சம்பளத் துண்டில வரியைப் பாக்கேக்க நான் கன்சர்வேட்டிவ். முழங்கால் ஒப்பரேஷன் செய்து, பெரிசாக் காசும் கேக்காம, சிரிச்ச முகத்தோட வீட்டை அனுப்பினாங்கள், அண்டைக்கு நான் முழு லிபரல்."

பேசி முடித்தபோது பஸ்ஸும் போயிருந்தது, பனியும் அப்படியே கிடந்தது. கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் இடம் கட்டலாமா என்று ஒருமுறை கட்டிடத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் கூடினோம். செனட்டர் எழுந்து, கட்டுவதற்கு ஆதரவாகக் கால் மணி நேரம், எதிர்த்துக் கால் மணி நேரம் பேசினார். வாக்கெடுப்பு வந்தபோது இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவருக்கு எதிலும் பயம்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் யாராவது விழுந்துவிடுவார்களோ என்கிற பயம்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு அமெரிக்காவிலிருந்தே சம்பந்தம் வந்தது. ஒரே மகள் துளசி, தாதி வேலை பார்க்கிறவள். ஆராய்ச்சிக்கு ஒரு வருடம் பேர்லின் வந்த ஹியூஸ்டன் பையனும் அவளும் மனம் ஒத்துவிட்டார்கள். பையனின் பெற்றோரும் யாழ்ப்பாணம்தான். முறைப்படி பெண் கேட்டு வருவதற்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் துளசி அப்பாவை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அப்பா, அவற்ற அப்பா கன்சர்வேட்டிவ், அம்மா லிபரல். எலெக்‌ஷன் நேரம் வீட்டு முத்தத்தில ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்சிப் பலகை நட்டவை. மூண்டு கிழமை கதை பேச்சில்லையாம். நீங்கள் அண்டைக்கு அரசியல் ஒண்டும் கதைக்கப்படாது. ஒரு சொல்லும். பிட்டே, ப்ளீஸ்."

மகளின் வாழ்க்கை தன் நாக்கில் தொங்குகிறது என்று செனட்டருக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் போர்க்காலம். அமெரிக்காவில் சிவப்பு கன்சர்வேட்டிவ் நிறம், நீலம் லிபரல் நிறம். ஆகவே வீட்டில் சிவப்பும் கூடாது, நீலமும் கூடாது. திரைச்சீலை போனது, மெத்தை உறை போனது, தக்காளிச் சட்னி போனது. பட்டுச்சேலையோடு நின்ற மலர் அக்காவை, அவருடைய மனைவியை, சாம்பல் நிறம் உடுக்கச் சொன்னார்.

"சாவீட்டுக்கோ வருகினம்?" என்றார் அக்கா. "கேக்கிறன், கத்தரிக்காய் எந்தக் கட்சி? அதைச் சமைக்கலாமோ?"

செனட்டர் உண்மையாகவே யோசித்தார். கத்தரிக்காய் ஊதா, சிவப்பும் நீலமும் கலந்தது, பரவாயில்லை என்று அனுமதி வந்தது. சாமியறையில்தான் தடுமாறிப்போனார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, மயில் நீலம். சேவற்கொண்டை சிவப்பு. என்ன செய்யிறது?"

"முருகன் கூட்டணி ஆட்சிண்ணே. இந்த ஜெர்மனி மாதிரி ரெண்டு பக்கமும் சேர்ந்தது. அப்படியே விடுங்க."

பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். சனிக்கிழமை என்னையும் வந்து உட்காரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "எனக்கு வாய் தவறினா இருமுங்கோ" என்றார்.

பெற்றோர் இருவர் மட்டும் வந்தார்கள், நல்ல மனிதர்கள். பையனின் அப்பா உயரமானவர், சத்தமாகச் சிரிப்பவர். அம்மா பள்ளி ஆசிரியை, எல்லாவற்றையும் விசாரிப்பவர். பழத்தட்டு வைத்தார்கள், சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் வந்தது, பேச்சு தொடங்கியது.

"இஞ்ச டாக்ஸ் கடுமையாமே?" என்றார் அப்பா.

"றோல்ஸ் எடுங்கோ" என்றார் செனட்டர்.

"ஆனா ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இருக்காமே, அது நல்லதுதானே?" என்றார் அம்மா.

"இன்னொரு றோல்ஸ்" என்றார் செனட்டர்.

அந்த அம்மா பாவம், பேச்சை மாற்ற நினைத்து, "போன வருஷத்தை விட இந்த வருஷம் வெக்கை கூடவோ?" என்று கேட்டார்.

செனட்டருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. பூமி சூடாகிறதா இல்லையா என்பதும் அங்கே கட்சி விவகாரம். ஆம் என்றால் பையனின் அப்பா கோபிப்பார், இல்லை என்றால் அம்மா. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இருமினேன்.

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. இருபது நிமிடம். தேநீர் ஆறியது. சமையலறையில் அந்த அம்மா என் காதருகே வந்தார். "பிள்ளை, அவருக்கு இந்தச் சம்பந்தம் விருப்பமில்லையோ? முகம் குடுத்துக் கதைக்கிறார் இல்லை." கூடத்தில் பையனின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கள் வெளிக்கிடுவம்" என்று எழுந்துவிட்டார். துளசி கதவோரம் நின்றாள். கண் நிரம்பிவிட்டது.

"அப்பா, ஏதாவது கதையுங்கோ. எதெண்டாலும் பரவாயில்லை."

அணை திறந்தது. அந்தப் பனி அள்ளுகிற கதையில் ஆரம்பித்தார். வரி, ஆஸ்பத்திரி, துப்பாக்கி, பள்ளிக்கூடம், கோயில், மாநிலத்துக்கு எவ்வளவு அதிகாரம், மத்திக்கு எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பக்கத்துக்காகப் பேசும்போது அந்தப் பக்கமாகவே மாறிவிட்டார். "உள்ளது பறிபோயிடும் எண்டு அவைக்குப் பயம். ஆரோ வெளியில விடுபட்டுப் போயிடுவினம் எண்டு இவைக்குப் பயம். ரெண்டு பயமும் பொய்யில்லை."

எழுந்து நின்ற மனிதர் உட்கார்ந்தார். "இதைத்தானே நான் இவவுக்குச் சொல்லுறனான்" என்றார் மனைவியைக் காட்டி.

"நீங்கள் இப்பிடியோ சொன்னனீங்கள்? நீங்கள் கத்தினனீங்கள்" என்றார் அந்த அம்மா.

பிறகு அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள், ஆனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்டார்கள். றோல்ஸ் தீர்ந்தது. கடைசியில் பையனின் அப்பா கேட்டார், "அண்ணை, எல்லாம் சரி. நீங்கள் எந்தப் பக்கம்?"

நான் இரும மறந்துவிட்டேன். செனட்டர் மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"உங்கட மகனைக் கண்ட நாளில இருந்து உங்கட நாட்டு, மாநிலத்துச் சட்டமெல்லாம் வாசிச்சிட்டன். துவக்குச் சட்டம், விசா, பிள்ளை பிறந்தா ஆஸ்பத்திரி. பயமாக் கிடக்கு. முந்தி எனக்கு எல்லாத்திலயும் ரெண்டு பக்கம் இருந்தது. இப்ப என்ர பிள்ளை எந்தப் பக்கம் வந்து இருக்கப் போறாளோ, அந்தப் பக்கம் நல்லா இருந்தாப் போதும்."

அந்த அம்மா எழுந்து போய் மலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாள் பார்க்கலாம் என்றார்.

துளசி கல்யாணமாகி ஹியூஸ்டன் போய் ஒரு வருடம் ஆகிறது. செனட்டர் இப்போது படிக்கட்டில் மசோதா பற்றிப் பேசுவதில்லை. "தங்கச்சி, ஹியூஸ்டனில இடியோட மழையாம்" என்று கைபேசியை நீட்டுவார். வெக்கையா என்று கேட்டதற்கு வாயடைத்து நின்ற மனிதர்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கைபேசியிலும் இப்போது இரண்டு ஊர் வானிலை இருக்கிறது. மேலே திருநெல்வேலி, கீழே ஹியூஸ்டன். அங்கே இன்றைக்கு நல்ல வெயில் அடிக்கும் என்று காட்டுகிற காலைகளில், பஸ் போனால் போகட்டும் என்று மூன்றாம் மாடியில் கொஞ்சம் சத்தமாக நடந்து இறங்குகிறேன், அவர் கதவைத் திறக்கட்டும் என்று.