முடிசூட்டு நாள் வாத்து

பதினான்காம் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. அச்சுக்கடை ஒரு மணிக்கு மூடிவிடும். மணி இப்போதே பதினொன்றே கால்.

கெல்பெக் ஊர் வரலாற்றுச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொண்டுவரும் 'கெல்பெக் நினைவுகள்' இதழுக்கு டோரீன் ஹார்கர் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியர். காலியாகக் கிடந்த இடத்தில் மிஸஸ் ஃபாசெட்டின் பன்றிக் கதை வந்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் அவர் அப்பா அனுமதி இல்லாமல் பன்றி வெட்டி, ரேஷன் அதிகாரி வந்தபோது தொடைக்கறியைப் பியானோவுக்குள் ஒளித்துவைத்த கதை. காலையில் போன் வந்தது.

"அதைப் போட்டுடாதீங்க டோரீன். அண்ணன் பயப்படுறார். இப்பக்கூட கேஸ் போடுவாங்களாம்."

"எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா! அந்த அதிகாரி செத்தே நாப்பது வருஷம் இருக்கும்."

"அவருக்கு ஒரு மகன் இருக்கானாம்."

பேச்சு அதோடு முடிந்தது.

"பாதிப் பக்கம் காலியா இருந்தாத்தான் என்ன?" என்றார் லெஸ்லி. லெஸ்லி டோரீனின் கணவர். லீட்ஸ் நகரத்திலிருந்து இங்கே வந்து நாற்பத்தாறு வருடம்தான் ஆகிறது என்பதால், ஊரில் இன்னமும் அவரைப் புதிதாகக் குடிவந்தவர் என்றுதான் சொல்கிறார்கள். இந்த மாதிரி விஷயங்கள் அவருக்குப் புரியாது.

டோரீன் உட்கார்ந்து ஒரு நினைவை இட்டுக்கட்டினார்.

1953 ஜூன் இரண்டு. ராணிக்கு முடிசூட்டு நாள். நல்ல மழை. தெருவில் போட்டிருந்த மேஜைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே மண்டபத்துக்கு ஓடுகிறது. குளத்திலிருந்து ஒரு வெள்ளைப் பெருவாத்து கிளம்பி, கேக் தட்டும் கையுமாக வந்த பாதிரியாரைப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றித் துரத்துகிறது. ஏன் வாத்து என்று கேட்டால் டோரீனுக்கே தெரியாது. பேனாவைத் திறந்ததும் வாத்துதான் வந்தது. கீழே 'ஒரு பழைய வாசகர்' என்று போட்டார். பாதிரியார் போய்ச் சேர்ந்து ஐம்பது வருடம் ஆகிறது. வாத்தும் இருக்கப்போவதில்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு அச்சுக்கடைக்கு நடந்தார். குளத்தங்கரை வழியாகப் போனால் ஐந்து நிமிடம் மிச்சம். அந்தப் பாதை வழுக்கும் என்று அவர் அதில் கால் வைப்பதே கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு சாட்சி இல்லாத நினைவு இதழில் வராது என்பது சட்டம். சட்டம் போட்டவர் டோரீன். யுத்தம் முடிந்த பிறகே பிறந்த சங்கத் தலைவர் கென் மெட்கால்ஃப், சின்ன வயதில் கால்பந்து மைதானத்தில் ஜெர்மன் விமானம் இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்ததையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர் டோரீன். கென் அதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை.

இதழ் வந்த மூன்றாம் நாள் கென் கதவைத் தட்டினார்.

"வாத்தைப் பத்திப் படிச்சேன்."

"ஓ. டீ போடட்டுமா?"

"அது பேரு பிரிகேடியர்."

டோரீன் எடுத்த கெட்டிலைத் திரும்ப வைத்தார். "எது பேரு?"

"வாத்து பேருதான். மாவு மில்காரர் வளர்த்தது. ஒரு கண்ணு தெரியாது." கென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் கழிச்சு நீயே எழுதிட்ட. உனக்குத் தைரியம்தான், டோரீன்."

போகும்போது டோரீனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு போனார். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கென் அப்படிச் செய்ததே இல்லை. டோரீன் நேரே லெஸ்லியிடம் போனார்.

"தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. நான் எழுதினதுன்னு கண்டுபிடிச்சுட்டான். வாத்துக்குப் பேரு வச்சு என்னை ஆழம் பார்க்கிறான்."

"உண்மையைச் சொல்லிடேன்" என்றார் லெஸ்லி.

"சொன்னா அந்த ஜெர்மன் விமானத்தைக் கொண்டுவந்து என் மடியில இறக்கிடுவான். ஆசிரியர் நாற்காலியும் போயிடும்."

அந்த நாற்காலி போனால் டோரீனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் கனடாவில். தோட்டம் லெஸ்லியினுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சு மை வாசனையோடு கையில் வரும் அந்தப் பதினாறு பக்கம்தான் அவருடையது.

ஒரே வாரத்தில் பதினோரு கடிதங்கள் வந்தன. வாத்து வெளியே வந்த சுவரின் ஓட்டை. நனைந்து தொங்கிய கொடிகள். கஸ்டர்டில் மிதந்த இறகு. எல்லாரும் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். பாதிரியாரைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

"பொய் சொல்றவங்க பதினோரு பேரும் ஒரே மாதிரியா சொல்வாங்க?" என்றார் லெஸ்லி.

"சொல்வாங்க. ஒருத்தர் எழுதினா மத்தவங்களுக்கு ஞாபகம் வந்துடும். இருபத்திரண்டு வருஷமா இதைத்தானே பார்க்கிறேன்."

அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போட்டார்: 'முடிசூட்டு நாள் வாத்து பற்றிய செய்தியை உறுதிசெய்ய முடியவில்லை. ஆசிரியர் வருந்துகிறார்.'

ஊர் கொதித்தது. கெல்பெக்கில் கொதிப்பதென்றால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். கடையில் பார்த்தால் வானிலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். இரண்டு வாரம் டோரீனிடம் ஒருவரும் மழையைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாதக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர் ஒவ்வொருவராக எழுந்து, தான் அந்த வாத்தைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். இரண்டு சாட்சி கேட்டவருக்கு இருபத்திரண்டு.

பெர்ஸி ஆல்டர்சன் மட்டும் எழுந்திருக்கவில்லை. எண்பத்தேழு வயதான அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார். குலுக்கல் சீட்டுப் புத்தகத்தோடு வரிசை வரிசையாக நடப்பதுதான் அவர் வேலை.

"சீட்டு வேணுமா, பாப்பா?" என்றார் டோரீனிடம். எழுபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் டோரீனை ஊரில் இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"இப்ப அதுக்கு நேரமா, பெர்ஸி?"

"தேயிலை டப்பா பரிசு" என்றார் பெர்ஸி. டோரீன் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வாத்தை இல்லை என்று சொன்னால்தானே கோபம்? வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால்? பிப்ரவரி இதழில், 'அந்த வாத்து அண்டை ஊரான மார்ஸ்கில்லைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்' என்று இரண்டே வரி எழுதினார்.

மார்ஸ்கில் இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. அந்த ஊரில் சரித்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய பாலத்தைத் தவிர எதுவும் கிடையாது. பத்தே நாளில் அவர்கள் தங்கள் மதுவிடுதியின் பெயரையே 'வெள்ளை வாத்து' என்று மாற்றிவிட்டார்கள். வாசலில் தொங்கிய புதுப் படத்தில் வாத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரிந்தது.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"ரெண்டு கண்ணாம்! ரெண்டு கண்ணு!" கென் மேஜையைத் தட்டினார். "பிரிகேடியரை நம்மகிட்டேயிருந்து திருடிட்டுப் போறாங்க. இதை விடக் கூடாது. குளத்துச் சுவர்ல நீலப் பலகை வைக்கிறோம், சரித்திரம் நடந்த இடத்துல வைப்பாங்களே, அது. ஜூன் ரெண்டாம் தேதி. அறுபத்தஞ்சு வருஷம் ஆகுது. டோரீன்தான் திறந்து வைக்கணும்."

"நானா? நான் எதுக்கு?"

"வேற யாரு?" என்றார் கென். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு கனிவு இருந்தது. அதுதான் டோரீனை ரொம்பப் பயமுறுத்தியது.

பலகையில் எழுதப்போகும் வாசகத்தைக் கென் நீட்டினார்: '1953ஆம் ஆண்டு முடிசூட்டு நாளன்று பிரிகேடியர் என்னும் வாத்து இந்த இடத்தில் துரத்தியது.'

"யாரைத் துரத்துச்சுன்னே இதுல இல்லையே?"

"அது வேண்டாம்னு கமிட்டி முடிவு. ஏகமனதா."

"ஏன்?"

கென் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அதுதானே மரியாதை."

அப்படியானால் பாதிரியார் கதையை இவர்கள் நம்பவில்லை. எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, திரையை இழுக்கச் சொல்லி, அங்கேயே தன்னை அவமானப்படுத்தப்போகிறார்கள். டோரீன் அன்று முடிவு செய்துவிட்டார். அவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டியது. நாற்காலி போனால் போகட்டும், இந்தப் பயம் போதும்.

ஜூன் இரண்டாம் தேதி மழை பெய்தது. தேவாலயத்தைச் சுற்றிப் போனாலும் கடைசியில் குளத்துக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? டோரீன், லெஸ்லியின் கையை இறுக்கிப் பிடித்தபடி கரையில் இறங்கினார். சின்ன வயதில் முள்கம்பி கிழித்தது என்று அம்மா சொன்ன தழும்பு ஒன்று இடது முழங்காலுக்குப் பின்னால் உண்டு. ஈரத்தில் அது விடாமல் அரித்தது.

குடை பிடித்துக்கொண்டு ஊரே நின்றிருந்தது. மார்ஸ்கில்காரர்கள் நாலு பேர் வேவு பார்க்க வந்திருந்தார்கள். பெர்ஸி, குடைகளுக்கு நடுவே சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார் டோரீன். கையில் திரைக் கயிறு இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. "அந்தப் பழைய வாசகர் நான்தான்."

யாரும் ஆச்சரியப்படவில்லை.

"அது நடந்ததில்லை. பாதிப் பக்கம் காலியா இருந்துச்சு, பன்றிக் கதை வரலை, உட்கார்ந்து இட்டுக்கட்டினேன். பாதிரியாரை எந்த வாத்தும் துரத்தலை. மத்தவங்ககிட்ட ரெண்டு சாட்சி கேட்டவ நான். என்கிட்ட ஒண்ணுகூட இல்லை. இன்னையோட ஆசிரியர் வேலையை விட்டுடறேன். மன்னிச்சுக்கோங்க."

பாதிப் பேர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மிஸஸ் ஃபாசெட் கைக்குட்டையை எடுத்தார். கென் தொப்பியைக் கழற்றி மழையில் நனைந்துகொண்டே பக்கத்தில் வந்தார்.

"டோரீன், நிஜமாவே உனக்கு ஞாபகம் இல்லையா?"

"எது?"

கென் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பெர்ஸியைப் பார்த்தது. பெர்ஸி சீட்டுப் புத்தகத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தார்.

"பாதிரியார் வாத்துக்குப் பின்னாடிதான் ஓடினாரு, பாப்பா. முன்னாடி ஓடினது நீ. அப்ப உனக்கு நாலு வயசு. அன்னைக்கு நீ அழுத அழுகையைப் பார்த்துட்டு, நீயா வாயைத் திறக்கிற வரைக்கும் உன் முன்னாடி யாரும் இதைப் பேசறதில்லைன்னு ஊரே சத்தியம் பண்ணிக்கிச்சு."