வெர்ல் திருப்பி அனுப்பிய கல்

அன்புள்ள தம்பி வெர்லுக்கு,

இங்கே யூட்டாவில் நான் நலம். அங்கே ஓஹாயோவில் நீயும் டோனாவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி மரியாதை கிடையாது.

அடேய், உனக்கு மூளை இருக்கா? பத்தொன்பது வருஷமாக இந்தப் பூங்காவில் சம்பளமில்லாமல் வழிகாட்டித் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தத் தட்டையுச்சிக் குன்றுகளைக் காட்டி, "மேல இருக்கிற வெள்ளை மணற்கல்தான் கெட்டி, கீழ சிவப்பா இருக்கிறதெல்லாம் வெறும் களிமண்ணு, மேல்கல் விழுந்தா மழை மிச்சத்தைக் கரைச்சிடும், ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடாதீங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறவள் நான். வருகிறவர்கள் கல்லைத் திருடிக்கொண்டு போவதும், பிறகு மனசாட்சி உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவதும் இங்கே வழக்கம்தான். எந்த இடத்துக் கல் என்று தெரியாததால் அதைத் திரும்ப வைக்கவும் முடியாது; அலுவலகத்துக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கிறோம். ஆனால் எந்தத் திருடனாவது கூட்டாளியின் பெயரை எழுதுவானா? உன் பெண்டாட்டி திட்டினாள் என்பதற்காக, இங்கே வந்திருந்தபோது எடுத்துப்போன கல்லோடு நீ எழுதியிருக்கிறாய்! "குன்றின் அடியில் எடுத்தேன், அக்கா லாரூ பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்" என்று! அந்தக் கடிதத்தைப் பூங்கா வாசல் கண்ணாடிப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் சபை விருந்தில் நான் செய்து கொண்டுபோன பச்சை ஜெல்லியை ஒருத்தர்கூடத் தொடவில்லை. மேலதிகாரி கெல்சி, முப்பது வயசுப் பெண், என்னைக் கூப்பிட்டு, "லாரூம்மா, வெள்ளிக்கிழமை தொப்பியைக் கொண்டுவந்து குடுத்துடுங்க" என்கிறாள். "எனக்கு அதை விட்டா வேற என்னம்மா இருக்கு?" என்று அழுதே விட்டேன். "உங்க தம்பி நடந்ததை எழுதி அனுப்பட்டும், பார்க்கலாம்" என்றாள்.

ஆகவே உடனே இன்னொரு கடிதம் எழுது. கல்லை எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்று விடாமல் முழு உண்மையும் எழுது.

டோனாவுக்கு என் அன்பு. உனக்குக் கிடையாது. கடவுள் உனக்குப் புத்தியைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
லாரூ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தேன். அடப்பாவி! அன்றைக்குப் பூங்காவில் முட்டிவலி என்று வண்டியை விட்டே இறங்காதவன் டோனாவிடம் என்ன ஜம்பம் அடித்திருக்கிறாய்! அது என் தக்காளிப் பாத்தி ஓரத்துக் கல். கல்யாணமான வருஷம் உன் அத்தானும் நானும் குன்றடியிலிருந்து வண்டி நிறைய ஏற்றி வந்தது. பாத்தியைச் சுற்றி இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது. தம்பி, கண்ணு, உண்மையை மட்டும் எழுதிவிடாதே. நீ குன்றில்தான் எடுத்தாய். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.