உங்கள் மகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மகள் நால்வரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், தங்கள் முழங்கால் உட்பட, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் போனில் இட்ட கட்டளை நிறைவேறிவிட்டது. உங்கள் மகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இனி ஈறு நோய்க்கான சிறப்புப் படிப்பு ஒன்றுதான். நேரத்துக்குச் சாப்பிடுவாள், தூங்குவாள், தாங்கள் பயந்ததுபோல் முடி கொட்டாது. எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசியே பிழைத்தவன் நான். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

தாங்கள் "ரெண்டையும் ஒண்ணாப் படிச்சு உடம்பைக் கெடுத்துக்கிறா, நான் சொன்னா கேட்கமாட்டா, நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றீர்களா, நானும் பெரிய மனுஷன் தோரணையில் சட்டை எல்லாம் மாற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவளுக்குப் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் நோயாளி, பாடம், தேர்வு; மிச்ச நேரத்தில் லேப், அங்கே அதே ஈறில் குடியிருக்கும் கிருமிகளோடு குடித்தனம். "ஏம்மா, நீதான் ஏற்கெனவே பல் டாக்டராச்சே, இன்னொரு டாக்டர் பட்டம் எதுக்கும்மா?" என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, "மாமா, ஒரே வைத்தியம்தான் எல்லாருக்கும் பண்றேன். ஒருத்தருக்கு ஈறு இறுகிடுது, இன்னொருத்தருக்குப் பல்லே ஆடி விழுந்துடுது. ஏன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல. தெரியாமலே எத்தனை வருஷம் செய்யுறது?" என்றாள். சரி, அப்புறம் பேசலாம் என்று எழுந்தால், "மாமா, நீங்க ஏன் ஒரு வாரமா இடது பக்கமாவே மெல்லுறீங்க? வாயைத் திறங்க" என்கிறாள்!

சம்பந்தி, அந்த வலியை நான் ஒரு ஜீவனிடம் சொல்லவில்லை. கட்டின மனைவி எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அவளுக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. உங்கள் மகள் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் சாய்த்து, பயத்தில் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்து, "கார் ஓடல மாமா, நின்னுட்டுதான் இருக்கு" என்று சமாதானம் சொல்லிச் சொல்லியே வைத்தியம் பார்த்து, பிடுங்கவேண்டிய பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தாள். இன்றைக்கு நான் இரண்டு பக்கமும் மெல்லுகிறேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினீர்களே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? நன்றாக இருங்கள் சம்பந்தி, நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு கெடுவதற்குப் படிப்பு காரணமில்லை, ஆள் கிடைக்காததுதான் காரணம் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆராய்ச்சிக்கு ஈறு நோய் உள்ளவர்கள் வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு குட்டிக் காகிதக் குச்சியைச் செருகி அங்கே என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பார்களாம். பிறகு வைத்தியம் செய்து, மறுபடி வரவழைத்துப் பார்ப்பார்களாம். முதல் தடவை வருகிறவர்கள் இரண்டாம் தடவை வருவதில்லை. ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவு செய்கிற கமிட்டி கூடுவதற்குள் போதிய ஆள் சேராவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. "இவ்வளவுதானா? இதோ நான் இருக்கேன்!" என்று வாயைத் திறந்தேன். "வீட்டு ஆளுங்களைச் சேர்க்கக்கூடாது மாமா, ரூல்ஸ்" என்று மூடிவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நம் வாய் ஆகாதென்றால் போகட்டும், நமக்கு நாலு சிநேகிதர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? தினமும் என்னோடு பூங்காவில் நடக்கிற கோஷ்டியைப் பிடித்தேன். ரிட்டயரான கண்டக்டர், பேப்பர் ஏஜென்ட், எந்த ரகசியத்தையும் ஊருக்கே கேட்கச் சொல்வதால் 'மைக்செட்' என்று நாங்கள் கூப்பிடுகிற தையல்காரர் என்று ஒரு டஜன் பேர். பல் தேய்த்தால் ரத்தம் வராதவர் ஒருவர்கூட இல்லை. நானே ஒரு வேனை எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றினேன்.

இங்கேதான் சம்பந்தி கொஞ்சம் பிசகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், மாமனார் அழைத்துவருகிற ஆட்கள், மருமகளின் புரொபசர் எதிரில், பாசி பிடித்த பல்லோடு ஈ என்று இளித்தால் யாருக்கு அவமானம்? ஆகவே முதல் நாளே தெருக்கோடி பல் கிளினிக்குக்கு அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு போய் ஒருவர் விடாமல் சுத்தமாகக் கிளீன் பண்ணி, மறுநாள் காலையில் வாய் கொப்பளிக்கிற மருந்தும் கொடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். உங்கள் மகள் முதல் ஆளின் வாயைப் பார்த்தாள். அடுத்தவரைப் பார்த்தாள். மூன்றாவதாக மைக்செட் வாயைத் திறந்தபோது, "மாமா, என்ன இது, பல்லு மேல ஒண்ணுமே இல்லையே?" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எப்படிம்மா இருக்கும்? நேத்துதான் எல்லாரையும் பளபளன்னு தேய்ச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்!" என்றேன். "பொண்ணு சந்தோஷத்துல அழுவுது பாருங்கய்யா" என்று மைக்செட் மாடி வரைக்கும் கேட்கச் சொன்னார். சந்தோஷம் இல்லை என்பது எனக்கு மட்டும் புரிந்தது. அவள் தேடிக்கொண்டிருந்த கிருமியை எல்லாம் நான் தெருக்கோடி கிளினிக் சாக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி இவர்கள் வாய் பழையபடி ஆக மூன்று மாதமாவது வேண்டும். கமிட்டியோ மறு வாரம்.

எல்லோரையும் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "விட்டுடுறேன் மாமா, அப்பா சொன்னதுதான் சரி" என்றாள். நானும் தாங்கள் சொன்னது நினைவிருக்கவே, தடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எது நடந்ததோ நல்லதற்கே. ஆகவே சம்பந்தி, இனி இந்த விஷயமாக அவளுக்குப் போன் செய்து தாங்கள் எதுவும் கேட்கவேண்டாம். பாவம், அவளுக்கு மனசு கஷ்டப்படும். அவள் தாமதமாக வீடு திரும்பினாலும் அது நோயாளிகள் கூட்டம்தான், வேறொன்றுமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் ஆசிகளும். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் பல்லும் சொல்லும் உறுதியாக நூறாண்டு வாழவேண்டும் என்று வேண்டும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: அப்பா, இது நான். போற வழியில தபால்ல போடச் சொல்லி மாமா இதை என்கிட்ட கொடுத்தார். கவரை ஒட்ட மறந்துட்டார். படிச்சுட்டேன். நான் எதையும் விடலப்பா. விடுறேன்னு வேன்ல சொன்னது நிஜம்தான். 'தடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை'ன்னு எழுதியிருக்காரே, வண்டியை ஓரமா நிறுத்திட்டு, "நான் செஞ்ச தப்புக்கு நீ ஏம்மா படிப்பை விடணும்?"னு சின்னக் குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் எனக்குத் தெரியாம அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போய் என் ஆராய்ச்சி கைடு, அதான் அந்த புரொபசர், அவங்க ரூம் வாசல்ல நின்னிருக்கார். "நாங்க மூணு மாசம் கழிச்சு வருவோம், அதுக்கப்புறமும் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவோம், பொண்ணுக்கு டைம் குடுங்க"ன்னு மைக்செட் அங்கிள் சொன்னது பக்கத்து வார்டு வரைக்கும் கேட்டுச்சாம். கூப்பிட்டா திரும்பி வர்ற ஆளுங்கதான் எங்களுக்குக் கிடைக்கவே இல்லைன்னு கைடு கமிட்டியில எடுத்துச் சொல்லி டைம் வாங்கிக் கொடுத்துட்டாங்க. நான் விட்டுட்டேன்னு நீங்க நினைச்சா நீங்களும் நிம்மதியா இருப்பீங்க, நானும் நிம்மதியாப் படிப்பேன்னுதான் மாமா இவ்வளவும் எழுதியிருக்கார். எனக்கு உங்ககிட்ட மறைச்சுப் படிக்கப் பிடிக்கலப்பா. உடம்பைப் பார்த்துக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன். போன் பண்ணி, படிம்மான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மாமா சொன்ன பொய்யை நீங்க நிஜமாக்கிடாதீங்க.