துவான் மண்சட்டி காத்த படலம்

துவான் காலையில் எழுந்தான். பல் துலக்கினான். வெந்நீர் குடித்தான். பால்கனிக் கொடியிலிருந்து சட்டையை எடுத்து, மடிக்காமல் நாற்காலியில் போட்டான். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு சட்டைக் குவியல் இருந்தது.

இவ்விதம் துயில் நீத்தெழுந்தவனை, நூறு பாகைக்குக் காத்திராமல் நீர் முன்னதாகவே கொதித்துவிடும் மேட்டு நகராம் குன்மிங்கின் ஐந்தாம் மாடிக் காவலனை, நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கவும் கத்தரிக்கோல் தேடும் மென்கரத்தானை, பாலங்கள் தாங்கும் பாரத்தைக் கணக்கிடக் கற்றும் முட்டை வேகும் நேரத்தைக் கணக்கிடக் கல்லாதானை, மனையாள் மறைந்த குளிர்காலம் முதல் வாய்ச்சொல்லைக் கஞ்சனின் காசெனச் செலவிடும் துவானைப் போற்றிப் பாடத் தொடங்குகிறோம். அடுப்புக்கு மேலே பிசுக்கேறிய தாளில் வீற்றிருக்கும் அடுப்படித் தெய்வமே, காப்பு. ஆண்டிறுதியில் நீர் வானேகி வீட்டுச் சங்கதிகளை ஒப்பிக்குமுன் உமது வாயில் தேன் தடவி வந்தவள் அவன் மனையாள் ஷுவாங். சென்ற ஆண்டிறுதியில் தடவ ஆளில்லை. மேலே போய் என்ன உளறினீரோ, தெரியாது. இன்றைக்காவது கூட நில்லும்.

போருக்கு மூலம் ஒரு மண்சட்டி. கருவயிறும் இருகாதும் ஒரு மூடியும் உடையது. ஜியான்ஷுய் சூளையில் பிறந்து, பேருந்தில் ஷுவாங்கின் மடியில் இளவரசிபோல அமர்ந்து இவ்வீடு புகுந்தது. ஞாயிறுதோறும் அவள் அதில் அரிசி நூடுல்ஸ் சூப் வைப்பாள். அவள் போன பின் அது மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்தது.

அச்சட்டியின்மீது படையெடுத்தவர் வேறு யாருமல்லர், ஷுவாங்கைப் பெற்ற யாங் அம்மையாரே. எண்ணெய்ப் பிசுக்கின் ஜென்மப் பகைவர், கறைகளுக்குக் காலன். ஒருநாள் தொலைபேசியில் அவரது போர்முரசு ஒலித்தது.

"நீ சமைக்கப் போறதில்ல. சட்டி சும்மா தூசி திங்குது. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்."

வீட்டில் ஷுவாங்குடையதாக மிஞ்சியவற்றில் சூடாகக்கூடியது அது ஒன்றுதான் என்று துவானுக்குத் தோன்றியது. அதை அவன் சொல்லவில்லை. "நான் சமைக்கறேன்மா. சாப்பிட வாங்க," என்றான். ஒரு வாரத்துக்கான பேச்சு அதில் செலவாகிவிட்டது.

 எதிர்முனையில் அம்மையார் போர்நெறி வகுத்தார். "நீயா? சரி, செஞ்சு காட்டு. வாயில வைக்கற மாதிரி இருந்தா சட்டி உனக்கு. இல்லன்னா எனக்கு."

ஞாயிறு வந்தது. யானைமேலிருந்து களம் காணும் வேந்தரென யாங் அம்மையார் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டமர்ந்து, சூரியகாந்தி விதைகளைக் கொறித்துத் தோலைக் கிண்ணத்தில் உமிழலானார். உள்ளே, வெண்சங்கெனக் கிடந்த பன்றியெலும்புச் சாறு முன்னணியாக, செங்குருதி சிந்தி வீழ்ந்த தக்காளிகள் இடப்பக்கமும், ஜாடிச் சிறையிலிருந்து மீண்டு பழிவாங்கும் வெறியோடு நாறிய ஊறுகாய்க் கீரை வலப்பக்கமும், கொத்துக்கறி காலாட்படையாகவும், சோயாப்பால் ஏடு கேடயமாகவும், வெங்காயத்தாள் வேலேந்தியும் அணிவகுக்க, துவான் கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டான். முதலில் சிறுதீ. மண்சட்டி அவசரக்காரனைப் பிளந்து பழிதீர்க்கும் என்பதை ஷுவாங்கின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றிருந்தான். பிறகு நடுத்தீ. சாறு முனகியது. தக்காளி சரணடைந்தது. இறைச்சி நிறம் மாறி எதிரணியில் சேர்ந்தது. "கறியக் கிளறுடா, உருண்டையா நிக்குது," என்று வாசலிலிருந்து அம்பு வந்தது. கிளறினான். வெண்ணிற அரிசி நூடுல்ஸை வாரியெடுத்து, வெள்ளருவி வீழ்வதுபோல் உள்ளே சொரிந்தான். ஒரு கற்றை அடுப்பில் விழுந்து வீரமரணம் எய்தியது.

வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாகைப்பூ அந்த ஊரில் கிடைக்காதாகையால் கொத்தமல்லித் தழையைத் தலையில் சூட இருந்த அவ்வேளையில், பாற்கடல் பொங்கியதென, மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு நுரை கிளம்பியது. எலும்புச் சாறு கக்கும் பழுப்பு நுரையன்று. வெண்மையானது, பளபளப்பது, குமிழிக்குக் குமிழி வானவில் காட்டுவது. வழித்தெறிந்தான். மீண்டும் வந்தது. கரண்டியால் வெட்டினான். வெட்டுண்ட இடத்தில் இரண்டாய் முளைத்தது. அடுக்களை எங்கும் எலுமிச்சை மணத்தது. சூப்பில் எலுமிச்சை இல்லை.

துவான் அடுப்பை அணைத்தான். புறமுதுகிடாமல் கிண்ணத்தில் ஊற்றி மாமியார்முன் வைத்தான்.

யாங் அம்மையார் நூடுல்ஸை ஒரே இழுப்பில் உறிஞ்சினார். நிறுத்தினார். விதைத்தோல் கிண்ணத்திலேயே துப்பினார்.

"சோப்பு. சட்டிய ஒழுங்கா அலசலையா நீ?"

"அலசினேன்."

"என்னத்த அலசின? தோத்துட்ட. சட்டி ஆறட்டும், நான் கொண்டுபோய் நல்லா ஊறவெச்சுத் தேய்ச்சு வெக்கறேன்."

எழுந்து கைப்பையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்தார். சட்டியைப் பொதிந்து எடுத்துப்போகத் தயாராகவே வந்திருந்தார். துவான் சட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"மண்சட்டிக்கு சோப்பே போடக் கூடாதும்மா. மண்ணு குடிச்சிடும். சூடானா கக்கும். வெறும் வெந்நீர்தான்."

"பின்ன பிசுக்கு எப்பிடிப் போகும்? நான் மூணு தடவ போட்டுத் தேய்ச்சேன், பளிச்சுனு..."

சொல்லி நிறுத்தினார். தொட்டியருகே பச்சைப் பாட்டில் நின்றது. எலுமிச்சைப் படம் போட்டது. இறுதிச் சடங்கு முடிந்த வாரம் அவரே வாங்கி வந்தது. அந்த வாரம் அவர் இவ்வீட்டில் தட்டு, அலமாரி, ஜன்னல் வலை, துவானின் செருப்பு என்று அழுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கழுவிக்கொண்டே இருந்தார்.

அம்மையார் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "உனக்கு இதெல்லாம் யாரு சொன்னது?"

"ஷுவாங்."

"எப்போ?"

துவான் பாட்டிலைப் பார்த்தான். "லிப்ட்கிட்ட."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காக ஷுவாங்கை வண்டியில் தள்ளிச் செல்ல, லிப்டின் கதவு மூடுமுன் அவள் பேசியபோது, அவளைப் பெற்றவர் பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். கேட்டவன் துவான் ஒருவனே. அவள் திரும்பி வரவில்லை. அவளது கடைசிச் சொல் என்னவென்று உறவினர் கேட்டபோது அவன் வாய் திறக்காததால் அம்மையாரே திறந்தார். முதலில், அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றார். மறுமாதம் அது இரண்டு வாக்கியமாகியது. இறந்தோர் கல்லறையைத் துடைத்து வணங்கும் நாளில், அடுத்த பிறவியிலும் இதே தாய் வயிற்றில் பிறக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதாக, கல்லின் முன் கூடியிருந்த சுற்றமெல்லாம் மூக்குச் சிந்த ஒரு சொற்பொழிவாகவே அது எழுந்தது. துவான் அப்போதும் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

அம்மையார் செய்தித்தாளை மடியில் வைத்து மடித்தார். மறுபடி மடித்தார்.

"நான் சொல்றதெல்லாம் விடு. என்ன சொன்னா? அவ சொன்னத அப்பிடியே சொல்லு."

அண்டம் அதிர, அடுப்படித் தெய்வம் தேன் தடவாத தன் வாயைப் பொத்திக்கொள்ள, நுரைக்கடல் அடங்கி ஒவ்வொரு குமிழியாய் உடைந்துகொண்டிருக்க, இத்தனை மாதம் அணைகட்டித் தேக்கிவைத்த அப்பெருமொழியைத் துவான் அவளுடைய குரலிலேயே, அவள் சொன்ன வேகத்திலேயே திறந்துவிட்டான்:

"சட்டிய மட்டும் அம்மாகிட்ட குடுத்துடாத, சோப்பு போட்டுக் கழுவிருவாங்க."